வளையல் திருத்தம்

பாறைக்குள்ளிருந்து ஒரு வழுக்கைத் தலையும் ஒரு வலது கையும் வெளியே வந்தன. அதோடு நின்றுவிட்டன. மீதி ஆள் வரவில்லை.

நான் டார்ச்சைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தேன். தலை நன்றாக வேர்த்திருந்தது. வேர்வையில் செம்மண் ஒட்டி, அபிஷேகம் பாதியில் நின்ற மாதிரி இருந்தது. என் பக்கத்தில் குந்தியிருந்த பத்திரிகைப் புகைப்படக்காரர் காமிராவைத் தூக்கினார், யோசித்தார், இறக்கிவிட்டார். வௌவால் நெடி மூக்கை அடைத்தது. எங்கேயோ ஒரு மூலையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“இன்னும் எவ்வளவு தூரம்மா நேரா போகணும்?” என்று அந்தத் தலை என்னைக் கேட்டது.

இதற்கு நான் சொன்ன பதிலை இப்போதே சொல்லிவிட்டால் உங்களுக்கு அதன் ருசி தெரியாது. அந்தத் தலை யாருடையது, அது ஏன் அங்கே வந்து மாட்டியது, ‘நேரா’ என்ற ஒரு சொல்லால் நான் ஒரு வருஷம் எப்படி வயிறெரிந்தேன் என்பதையெல்லாம் முதலில் சொல்லியாக வேண்டும். அவசரமில்லை. அவர் அங்கேயேதான் இருப்பார்.

ஞாயிற்றுக்கிழமைத் தலைவர்

அப்போது நாங்கள் புனேயில் விஷ்ராந்த்வாடிப் பக்கம் குடியிருந்தோம். கோயம்புத்தூரிலிருந்து கல்யாணமாகி வந்த புதிது என்று சொல்ல முடியாது, ஊர் பழகிவிட்டது என்றும் சொல்ல முடியாது. காய்கறிக்காரரிடம் மராத்தியில் பேரம் பேசத் தெரியும், சண்டை போடத் தெரியாது. அந்த அளவில் இருந்தேன்.

என் வீட்டுக்காரர் ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியர். கம்பெனி பஸ்ஸில் விடியுமுன் கிளம்பி, விளக்கு வைத்தபின் வருவார். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் அவர் முகத்தை நான் சூரிய வெளிச்சத்தில் பார்க்கிற நாள். அந்த ஞாயிற்றுக்கிழமையையும் கோபிநாத் சார் எடுத்துக்கொண்டார்.

கோபிநாத் சார் சென்னைக்காரர். சாஃப்ட்வேர் கம்பெனியில் பெரிய பதவி. இரண்டாயிரமாவது வருஷம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் தேதி தெரியாமல் நின்றுவிடும் என்று ஒரு பீதி இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பீதியில் வாழ்ந்தவர்களில் அவரும் ஒருவர். அடுத்தவர் எழுதி வைத்ததில் தப்பு கண்டுபிடித்துத் திருத்துவதுதான் அவர் உத்தியோகம். வருஷம் பிறந்தது. எதுவும் நிற்கவில்லை. தான் திருத்தியதால்தான் நிற்கவில்லை என்று அவர் மனப்பூர்வமாக நம்பினார்.

உத்தியோகம் மாறினாலும் கை அரிப்பு போகவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால் ரசத்தைத் திருத்துவார். வாசலில் போட்டிருக்கிற கோலத்தில் புள்ளியைத் திருத்துவார். ஊரிலிருந்து வந்திருந்த என் மாமனாருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த சர்க்கரை மாத்திரையையும் திருத்தினார், பாவம் மாமனார் இரண்டு நாள் தலை சுற்றிக் கிடந்தார்.

இப்படிப்பட்டவர் ஒரு மலையேற்றக் குழு ஆரம்பித்தார். தமிழ்க் குடும்பங்கள், மாதம் ஒரு ஞாயிறு, ஆளுக்கொரு மஞ்சள் தொப்பி. தலைவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. தொப்பி வாங்கி வந்தவரே தலைவர். நேரத்துக்கு வர வேண்டும், வரிசையில் நடக்க வேண்டும் என்று எழுதிய விதிகள் நிறைய இருந்தன. எல்லோருக்கும் பெண்கள்தான் சாப்பாடு கட்டிக்கொண்டு வர வேண்டும் என்பது மட்டும் எழுதாத விதி. எழுதிய விதிகளை அவ்வப்போது மீறினார்கள். இதை ஒருத்தரும் மீறவில்லை.

குழுவில் எனக்கு வாய்த்த சிநேகிதி ரோஸ்லின். புனேயிலேயே, கட்கிக்காரி. வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கு என்று மூன்று தலைமுறைக்கு முன்னால் வந்து தங்கிய குடும்பம். அவள் பேசுகிற தமிழில் பாதி இந்தி, கால்வாசி மராத்தி. புதிதாக வந்து இறங்கிய சாஃப்ட்வேர் குடும்பங்கள் அதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். அதே குடும்பங்களின் பிள்ளைகள் தங்கள் பெயரைத் தமிழில் எழுதத் தெரியாமல் விழிக்கும்போது ரோஸ்லின் சிரிக்க மாட்டாள். வித்தியாசம் அவ்வளவுதான்.

நாங்கள் கண்டுபிடித்தது

முல்ஷி அணையைத் தாண்டி மேற்கே போனால் மலைகள் நெருங்கி வரும். நடுவே காடு அடர்ந்த ஒரு ஆற்றுப் பள்ளத்தாக்கு. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த வாரமே அங்கே சிப்ஸ் பாக்கெட் போய்ச் சேரும்.

மழைக்காலம் முடிந்து, புல் மஞ்சளாகிற சமயம். ஆற்றில் கணுக்கால் அளவு தண்ணீர். கல்லெல்லாம் பாசி. ஆற்றைக் கடந்து கொஞ்சம் ஏறினால், கருங்கல் பாறைக்கு அடியில் செங்கல் நிறத்தில் ஒரு மெத்தென்ற மண்பாறை அடுக்கு ஓடுகிறது. அந்த அடுக்கைத் தண்ணீர் அரித்து அரித்து உண்டானதுதான் அந்தக் குகை. குனிந்து நுழைய வேண்டும். உள்ளே பத்துப் பதினைந்து பேர் நிற்கலாம். மழைக்கு ஆட்டுக்காரர்கள் ஒதுங்குவதும், ஆடுகள் ஒதுங்குவதும், அதற்கு முன் வௌவால்கள் ஒதுங்குவதும் எத்தனையோ காலமாக நடந்து வருகிறது. அந்த ஊர்க்காரர்கள் அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தார்கள்.

அவர்களிடம் வழி கேட்டுப் போய்த்தான் நாங்கள் அதைக் கண்டுபிடித்தோம். ‘கண்டுபிடித்தோம்’ என்பது கோபிநாத் சார் உபயோகித்த சொல். வழி காட்டிய ஆட்டுக்காரர் எதிரிலேயே நின்றுகொண்டு, மஞ்சள் தொப்பிக்காரர்கள் கைகுலுக்கிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு தொப்பி கொடுத்தோம். ஆடு ஒன்றின் தலையில் அதை வைத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

முன்னறையின் பின்சுவரில், தரையோடு தரையாக ஒரு பொந்து. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. கோபிநாத் சாரின் கண் பளபளத்தது. இந்தக் குகையை முறைப்படி அளந்து வரைபடம் போட வேண்டும், நம் குழுவின் ஆண்டு விழா மலரில் வெளியிட வேண்டும் என்று அந்த இடத்திலேயே அறிவித்தார்.

அடுத்த மாதம் ஏற்பாட்டோடு வந்தோம். வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றின் ஜெராக்ஸ், அளக்கிற டேப், திசை பார்க்கிற காந்த ஊசி, தலைவர் உட்கார ஒரு மடக்கு நாற்காலி.

வேலை என்னவோ சுலபம்தான். ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிவரை டேப் பிடித்து நீளம் பார்க்க வேண்டும். காந்த ஊசியை வைத்து எந்தத் திசை என்று பார்க்க வேண்டும். இரண்டையும் சொன்னால் ஒருவர் எழுதிக்கொள்வார். பிறகு அடுத்த புள்ளி. இப்படியே குகை முடிகிறவரை போனால், பிற்பாடு காகிதத்தில் கோடு கோடாகப் போட்டுக் குகையைக் கொண்டுவந்துவிடலாம்.

சிக்கல் பொந்தில்தான் வந்தது. ஆண்கள் ஒவ்வொருவராகத் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, ஆளுக்கொரு காரணத்தோடு வெளியே வந்தார்கள். ஒருவருக்கு முதுகு வலி. ஒருவருக்குப் புதுப் பேன்ட். என் வீட்டுக்காரர் மட்டும், பயமாக இருக்கிறது என்று உண்மையைச் சொன்னார். அதற்காகவே அவரோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்துகிறேன். கோபிநாத் சார் தலையைக்கூட விட்டுப் பார்க்கவில்லை. தலைவர் வெளியே இருந்து எழுத வேண்டும் என்று ஜெராக்ஸில் போட்டிருந்ததாகச் சொன்னார்.

கடைசியில் என்னையும் ரோஸ்லினையும் பார்த்தார்கள். நாங்கள் ஒல்லி. புளிசாதப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு, சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நாங்கள் நுழைந்தோம்.

பொட்டு வைத்த பாறை

நுழைகிற வழி முதலில் அகலமாகத்தான் இருக்கும். வயிற்றால் தவழ்ந்து போகலாம். பிறகு திடீரென்று எதிரே பாறை. வழி முடிந்தது என்று நினைத்தால், இடப்பக்கம் கை விட்டால் காற்று வருகிறது. அங்கே ஒரு கூரான திருப்பம். கூரைப் பாறை கீழே தொங்குகிறது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, ஒரு கையை முன்னால் நீட்டி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, மண்புழு மாதிரி நெளிந்தால்தான் கடக்க முடியும். கடந்தால் உள்ளே இன்னொரு அறை.

அந்த அறையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. கூரை இடுக்கு வழியாக மேலேயுள்ள மரத்தின் வேர்கள் மயிர் மாதிரி இறங்கியிருந்தன. ஒரு மூலையில் தண்ணீர் சொட்டிச் சொட்டிக் கிண்ணம் போலக் குழி விழுந்திருந்தது. டார்ச்சை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்தேன். புனேக்கு வந்தபிறகு யாரும் என்னை எதுவும் கேட்காத இடம் அது ஒன்றுதான். எனக்கு அழுகை வருகிற அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது.

டேப் பிடிக்கிற புள்ளிகளுக்கு அடையாளம் வைக்க ஒரு டப்பா சிவப்புப் பெயிண்ட் கொடுத்து அனுப்பியிருந்தார் தலைவர். எனக்குப் பாறையில் பெயிண்ட் அடிக்க மனசு வரவில்லை. கைப்பையில் ஸ்டிக்கர் பொட்டு அட்டை இருந்தது. புள்ளிக்கு ஒரு மெரூன் பொட்டு ஒட்டினேன். வேண்டாமென்றால் பிய்த்துவிடலாம், பாறைக்கு வலிக்காது. அந்தத் திருப்பத்துக்கு மட்டும் தனியாகத் தெரியட்டும் என்று, தொங்குகிற கூரை விளிம்பில் பெரிய பச்சைப் பொட்டு. ஒரு பச்சைப் புடவைக்காக வாங்கி, ஒரே தடவை வைத்து, கண்றாவியாக இருக்கிறதென்று ஒதுக்கியது.

“அரே அக்கா, குகைக்கு நலங்கு வெக்கறியா?” என்று கேட்டாள் ரோஸ்லின்.

நான் அளவைச் சொல்ல, டேப்பின் மறுமுனையில் கிடந்த ரோஸ்லின் அதை வாங்கி வெளியே கத்த, நாற்காலியில் உட்கார்ந்திருந்த கோபிநாத் சார் எழுதிக்கொண்டார். முழங்கை இரண்டும் தோல் உரிந்து வெளியே வந்தோம். பொட்டு வைத்த கதையைக் கேட்டு அவருக்கு முகம் சுருங்கியது. அறிக்கையில் அதை ‘ஒட்டும் குறியீடுகள்’ என்று போட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, கை கழுவச் சொல்லிப் புளிசாதத்தைப் பிரிக்கச் சொன்னார்.

காந்த ஊசியும் கண்ணாடி வளையலும்

வரைபடம் தயாராகிவிட்டது என்று குழுவில் எல்லோரையும் அவர் வீட்டுக்குக் கூப்பிட்டார். கம்ப்யூட்டரில் போட்டு, கலரில் அச்செடுத்து, டீப்பாயின் மேல் விரித்திருந்தார். அழகான படம். முன்னறை இருந்தது. உள்ளறை இருந்தது. நடுவில் ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி ஒரு நேர்வழி. திருப்பத்தைக் காணோம்.

கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். அந்த ஒரு இடத்தில் மட்டும் திசை சட்டென்று மாறுகிறது. இயற்கையில் அப்படி வராது. ஆகவே காந்த ஊசி தப்பாகக் காட்டியிருக்கிறது. ஏன் காட்டியது? நான் கை நிறைய வளையல் போட்டுக்கொண்டு ஊசியைப் பிடித்திருந்தேன். ஊசி வளையலைப் பார்த்துத் திரும்பிவிட்டது. அதைக் கணக்கில் எடுத்து அவர் திருத்திவிட்டார்.

“தங்கமும் கண்ணாடியுமுங்க சார். இதுல எங்கீங்க காந்தம் ஒட்டும்?” என்றேன்.

“அது சயின்ஸ்மா. உனக்குச் சொன்னா புரியாது” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பக்கத்தில்தானே இருந்தது, காந்த ஊசியை எடுத்து டீப்பாயின் நடுவில் வைத்தேன். வளையல்களைக் கழற்றி அதைச் சுற்றி அடுக்கினேன். ஊசி அசையவே இல்லை. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். கோபிநாத் சாரும் நன்றாகப் பார்ப்பதற்காகக் குனிந்தார். அவர் இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இரும்பு பக்கிள் வைத்த பெல்ட். ஊசி மெதுவாகக் கிளம்பி, சுற்றி வந்து, அவர் வயிற்றைக் காட்டிக்கொண்டு நின்றது.

“சார் வயத்தைக் காட்டுது பாருங்க” என்றாள் ரோஸ்லின்.

எல்லோரும் அவசரமாகக் காபியைக் குடித்தார்கள். கோபிநாத் சார் அசரவில்லை. பார்த்தீர்களா, இந்த ஊசியே நிலையாக இல்லை, அதனால்தானே நான் திருத்தினேன் என்று சொல்லிவிட்டுப் படத்தைச் சுருட்டினார். அவ்வளவுதான், கூட்டம் முடிந்தது. வளையல்களைப் பொறுக்கி மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஒரு கோடுதானே, விட்டுத்தொலை என்றார் என் வீட்டுக்காரர். ஒரு கோடுதான். ஆனால் நான் முழங்கை தேய்ந்து கடந்த பாறை அது. என் உள்ளங்கை தடவிப் பார்த்த பாறை. பொந்துக்குள் தலையைக்கூட விடாத ஒரு மனிதர், அங்கே பாறை இல்லை, நீ வளையல் போட்டிருந்தாய் என்கிறார். அதைக் கேட்டு அத்தனை பேரும் காபி குடிக்கிறார்கள். அந்தக் கோடு வளைகிறவரை நான் விடுவதாக இல்லை.

அச்சில் வந்தது

விழா மலர் வந்தது. நடுப்பக்கம் முழுக்கக் குகைப் படம். கீழே பெரிய எழுத்தில், ஆய்வும் வரைபடமும்: கோபிநாத். அதற்குக் கீழே ஒரு குறிப்பு. திசை அளவுகளில் தேவையான வளையல் திருத்தம் செய்யப்பட்டுள்ளது.

இதைப் படிக்கிற யாராவது வளையல் திருத்தம் என்பது வெளிநாட்டு விஞ்ஞானி ஒருவர் கண்டுபிடித்த முறை என்று நினைத்திருக்கக்கூடும். அப்போது ஒன்றாம் வகுப்பில் இருந்த என் மகனின் டீச்சர், அவரும் தமிழ்க்காரர்தான், அப்படித்தான் நினைத்தார்.

கடைசிப் பக்கத்தில் எங்கள் பெயரும் வந்திருந்தது என்று ரோஸ்லின் காட்டினாள். பெயர் என்று சொல்ல முடியாது. குகைப் பயணத்தின்போது சுவையான எலுமிச்சை சாதம் வழங்கிய மகளிர்க்கு நன்றி என்று இருந்தது. அதிலும் தப்பு. நான் கட்டிக்கொண்டு போனது புளிசாதம். அதையும் திருத்தியிருக்கிறார்.

அதற்கப்புறம் பார்க்கிற இடத்திலெல்லாம் கேட்டேன். நவராத்திரிக்குச் சுண்டல் கொடுக்கும்போது கேட்டேன். பிள்ளையார் ஊர்வலத்துக்காகத் தெருவெல்லாம் அடைத்துக் கிடந்த நாளில், அவருடைய ஸ்கூட்டரும் எங்கள் ஸ்கூட்டரும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிக்கொண்டபோது, தாஷா மேளச் சத்தத்துக்கு மேல் கத்திக் கேட்டேன். ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்பேன். போகணும்மா, போகலாம்மா என்பார்.

கடைசியில் அவரை உள்ளே அனுப்பியது நானில்லை, பத்திரிகை.

மராத்திப் பத்திரிகை ஒன்றுக்கு எப்படியோ மலர் கிடைத்துவிட்டது. ஒரு நிருபரும் ஒரு புகைப்படக்காரரும் வருகிறார்கள் என்றதும் கோபிநாத் சார் புதுத் தொப்பிகள் வாங்கினார். மறுபடி அதே ஆறு, அதே பாசி, அதே செம்மண் பாறை. நிருபர் முன்னறையிலேயே நின்று கேள்வி கேட்டுக் குறித்துக்கொண்டார். புகைப்படக்காரர்தான், உள்ளறையில் தலைவர் நிற்கிற மாதிரி ஒரு படம் இருந்தால் நன்றாக இருக்கும் என்றார்.

கோபிநாத் சார் பொந்தைப் பார்த்தார். பிறகு தன் கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தார். நேர்வழி. பொந்து வாயின் அகலம் போதும். அவர் முகத்தில் நம்பிக்கை வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். தான் திருத்தியதைத் தானே நம்புகிற மனிதரை என்ன செய்வது?

உள்ளே திருப்பத்தில் உடம்பு வளையாது என்று நான் சொல்லிப் பார்த்தேன். அந்த பெல்ட்டையாவது கழற்றச் சொல்லி ரோஸ்லின் கெஞ்சினாள். அவர் வரைபடத்தின்மேல் விரலால் தட்டிக் காட்டிவிட்டு, வெளிச்சம் பிடிக்க என்னை முதலில் போகச் சொன்னார். நான் போனேன். கூரை விளிம்பில் பச்சைப் பொட்டு இன்னும் விழாமல் இருந்தது. பின்னாலேயே ஒல்லியான புகைப்படக்காரர் வந்தார். உள்ளறையில் நாங்கள் தயாராகக் குந்தினோம். தொப்பி வெளியிலேயே விழுந்துவிட்டது போலும். தலை மட்டும் வந்தது.

பாறையில் முளைத்த தலை

“இன்னும் எவ்வளவு தூரம்மா நேரா போகணும்?”

“மேப்புல போட்டிருக்கிற அளவுக்குங்க சார்” என்றேன்.

பிறகு உந்துகிற சத்தம். பிறகு முனகல். நெஞ்சுக்கு எதிரே பாறை வந்துவிட்டது, இடிக்கிறது என்றார். மேப்பில் அங்கே பாறை இல்லையே என்று நான் சொன்னேன். புகைப்படக்காரர் என்னிடம் இந்தியில் மெதுவாக, வெளியே போக வேறு வழி உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் காமிராவுக்கு மூடி போட்டுவிட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

கோபிநாத் சார் இன்னும் உந்தினார். உந்த உந்த உடம்பு இறுகியது. பெல்ட் பக்கிள் கல்லில் கிறீச்சிட்டது. மூச்சு குட்டை குட்டையாக வர ஆரம்பித்தது. டார்ச்சைத் தூக்கிப் பார்த்தேன். அந்தக் கண்ணில் நிஜமான பயம் இருந்தது. அதைப் பார்த்ததும் என் சிரிப்பு போய்விட்டது. முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் பொய். கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டது.

நான் அவர் முகத்துக்கு நேரே தரையில் படுத்தேன்.

“சார், நேரா போறதா நினைச்சு உந்தறீங்க, அதனாலதானுங்க மாட்டுது. இங்க ஒரு திருப்பம் இருக்குதுங்க. இருக்குதுன்னு ஒத்துக்கிட்டீங்கன்னா, அதுக்குத் தக்கன உடம்பைச் சாய்ச்சுக்கலாம். இல்லீன்னா நானென்ன பண்ணட்டுமுங்க?”

அவருக்குப் பின்னால், எங்கேயோ தூரத்திலிருந்து ரோஸ்லினின் குரல் வந்தது.

“சார், சாஸ், மூச்சு, வெளிய விடுங்க. பூரா சாஸ் விடுங்க. நான் காலைப் புடிச்சிருக்கேன், டரோ மத், பயப்படாதீங்க.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற குரலில், “சரிம்மா, திருப்பம் இருக்கு” என்றார்.

“ரோஸ்லினுக்குக் கேக்கலீங்க சார். அவதான காலை இழுக்கோணும்.”

“திருப்பம் இருக்கு!” என்று கத்தினார் கோபிநாத் சார். நல்ல குகை அது. அந்தக் குரல் பொந்து வழியாக முன்னறைக்குப் போய், அங்கே மஞ்சள் தொப்பியோடு நின்ற அத்தனை பேர் காதிலும் விழுந்து, திரும்பி எங்களிடம் வந்தது.

அதற்குமேல் நான் விளையாடவில்லை. இடது பக்கம் ஒருக்களிக்கச் சொன்னேன். நீட்டிய கையை நான் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கை சில்லென்று இருந்தது. மூச்சை விடச் சொல்லி, நானும் கூடவே மூச்சை விட்டேன். என் வீட்டுக்காரரும் பொந்துக்குள் தவழ்ந்து வந்து ஒரு காலைப் பிடித்திருக்கிறார் என்று பிற்பாடு தெரிந்தது. அவருக்கு அந்த இடம் எவ்வளவு பயம் என்று எனக்குத் தெரியும். ஒரு ஷூ கழன்று ரோஸ்லின் கையோடு போனது. பிறகு தலை கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு நகர்ந்து, தொங்குகிற கூரை விளிம்பில் நன்றாக உரசி, இருட்டுக்குள் மறைந்தது.

நான் அந்த வழியாகத் தவழ்ந்து வரும்போது டார்ச் அடித்துப் பார்த்தேன். கூரை விளிம்பில் பச்சைப் பொட்டைக் காணவில்லை.

வெளிச்சத்தில்

குகைக்கு வெளியே வந்தபோது கோபிநாத் சார் ஏற்கெனவே பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு காலில் ஷூ இல்லை. பின்னால் காடும் ஆறும் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன. அவருடைய வழுக்கைத் தலையின் நட்டநடுவில், வேர்வையில் கெட்டியாக ஒட்டிக்கொண்டு, என் பச்சைப் பொட்டு.

குழுவில் எல்லோரும் பார்த்தார்கள். ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. ஒரு வருஷத்துக்கு முன்னால் அமைதியாகக் காபி குடித்த அதே ஆட்கள்தான். அமைதியாக இருப்பதில் அவர்களுக்கு நல்ல பயிற்சி இருந்தது. புகைப்படக்காரர் மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மூடியைக் கழற்றி, நிதானமாக, பல கோணங்களில் படமெடுத்தார்.

பத்திரிகையில் படம் வந்தது. கறுப்பு வெள்ளையில் பொட்டு ஒரு அச்சுப் பிழை போலத்தான் தெரிந்தது.

அடுத்த விழா மலரில் குகைப் படத்தை மறுபடி போட்டார்கள். திருப்பம் இருந்தது. அளவு பிசகாமல், நான் உள்ளிருந்து சொன்ன அதே திசையில் வளைந்திருந்தது. அதை விரலால் தடவிப் பார்த்தேன். வளையல் திருத்தம் என்ற குறிப்பு இல்லை. அதற்குப் பதில் வேறொரு குறிப்பு: இத்திருப்பம் தலைவர் மேற்கொண்ட நேரடிக் கள ஆய்வில் கண்டறியப்பட்டது.

கோபம்கூட உடனே வரவில்லை. ரோஸ்லின்தான் எனக்கும் சேர்த்து மூன்று மொழியில் திட்டினாள்.

அந்த வாரமே தபாலில் ஒரு கவர் வந்தது. புகைப்படக்காரர் ஒரு கலர்ப் பிரதி போட்டு அனுப்பியிருந்தார். அதை ஃப்ரிட்ஜ் கதவில், மாம்பழ வடிவக் காந்தம் ஒன்றை வைத்து ஒட்டினேன். இத்தனை வருஷத்தில் ஃப்ரிட்ஜ் மூன்று மாறிவிட்டது. படம் மாறவில்லை.

வீட்டுக்கு வருகிறவர்கள் தண்ணீர் குடிக்கும்போது அதைப் பார்த்துவிட்டு, இந்தப் பெரியவர் யார், உறவா என்று கேட்பார்கள்.

“அவரை விடுங்க” என்பேன். “தலைமேல பச்சையா ஒண்ணு தெரியுது பாருங்க. அதுதான் அந்தத் திருப்பம். நான் வச்சது.”